தண்ணீர் போனதா, மோட்டார் நின்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை பிறந்ததும் காரைக்குடியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. "கெணத்துல தண்ணி இல்லண்ணே, போர் போட்டுற வேண்டியதுதான்" என்ற பேச்சு தெருவுக்குத் தெரு. மோட்டார் வேலை, குழாய் வேலை தெரிந்த பழைய நண்பர்கள் நாங்கள். மாலையில் ஊருணிப் படியில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இதில்தான் வந்து நிற்கிறது. குழாயில் தண்ணீர் வராததற்கும் கிணற்றில் தண்ணீர் இல்லாததற்கும் வித்தியாசம் பார்க்காமலே பலர் போருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டுமுன் பார்க்க வேண்டியவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

முதலில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். கயிறு எங்கே நனைகிறது, கல் எங்கே தரை தட்டுகிறது என்று இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டாரிலிருந்து (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) நீர்மட்டம் 22 அடிக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு நல்ல மோட்டாரும் தண்ணீர் எடுக்காது. மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது குழாயில் காற்றைக் குறைக்க, வெளிக்காற்றின் அழுத்தம்தான் கிணற்று நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 33 அடி வரை ஏறலாம். குழாய் உராய்வு, வளைவு எல்லாம் போக நடைமுறையில் 20, 22 அடிதான். ஆகவே சித்திரையில் தண்ணீர் நின்றால் கிணறு வற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கிணற்றுக்குள் ஒரு திட்டு கட்டி மோட்டாரைப் பத்தடி இறக்கினாலோ, நீர்மூழ்கி மோட்டாராக மாற்றினாலோ போதும். சக்‌ஷன் பைப்பை (கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் குழாயை) மட்டும் பம்பின் வாயைவிடச் சிறிய அளவில் போடக்கூடாது.

மட்டம் சரியாக இருந்து, மோட்டாரும் ஓடி, தண்ணீர் மட்டும் வரவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி அந்தக் குழாயின் அடி நுனியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வுதான். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஊற்றும் வாயைத் திறந்து விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் வால்வோ சக்‌ஷன் பைப்போ கசிகிறது. வால்வை மேலே எடுத்து மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள்: ரப்பர் வாஷருக்கும் அது உட்காரும் வட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு செம்மண் கல், உளுந்தளவு இருக்கும். நமது ஊர்க் கிணறுகளில் இது வராத வீடு இல்லை. கல்லை எடுத்து, வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றி, வால்வு தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில் தொங்கும்படி விட்டால் வேலை முடிந்தது. ஓடும்போது சக்‌ஷன் பக்கத்தில் கசிவு தேடினால் கிடைக்காது; அங்கே தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தி, நிரப்பி வைத்துத்தான் ஈரம் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில், திறந்த அன்றே மோட்டார் எரிவது வழக்கமாகிவிட்டது. மாதக்கணக்கில் சும்மா நின்ற பம்பில் இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ஷாஃப்டும் (சுழலும் தண்டு) துருவேறி இறுகிவிடும். சுவிட்சைப் போட்டதும் 'உம்ம்' என்று முனகும், சுற்றாது. சுற்றாத மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். சில நிமிடத்தில் வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) கருகிவிடும். சமையல்காரர் அவசரப்படுத்துகிறார் என்று திரும்பத் திரும்ப சுவிட்சைத் தட்டுவதுதான் பெரிய தவறு. ஆச்சிமார்களுக்கு எங்கள் வேண்டுகோள்: முனகல் கேட்டால் உடனே அமர்த்திவிடுங்கள். மெயினை இறக்கிவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சில மோட்டாரில் ஷாஃப்ட் முனையில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்பப் பள்ளம் இருக்கும். சுற்றவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தால் விடும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பேரிங் போகும்.

கையால் லேசாகச் சுற்றுகிறது, கரண்டு கொடுத்தால் முனகுகிறது என்றால் கோளாறு கண்டன்சரில், அதாவது மோட்டார் கிளம்ப உதவும் மின்தேக்கியில். மேல்பக்கம் உப்பியிருந்தால் பார்த்ததுமே தெரியும். உப்பாததை மீட்டரில் பார்க்க வேண்டும்: 36 மைக்ரோஃபாரட் என்று போட்டிருப்பது 30 காட்டினால் மாற்றிவிடலாம். மெயினை இறக்கிய பிறகும் அதில் கரண்டு நிற்கும். 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மோட்டார் தகட்டில் உள்ள அளவையே வாங்குங்கள், 'கொஞ்சம் கூட இருந்தா நல்லா இழுக்கும்' என்பது வைண்டிங்கைச் சுடும் யோசனை. விசிறியைக் கையால் சுண்டிவிட்டு ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், விரல் போய்விடும்.

வோல்டேஜும் ஒரு காரணம். எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் காலை நேரத்தில் 230 வோல்ட் 175க்கு இறங்கினால், அதாவது முக்கால்வாசி ஆனால், மோட்டார் கிளம்பும் பலம் பாதிக்குச் சற்று மேல் ஆகிவிடும். அது வோல்டேஜின் வர்க்கத்தில் குறைவது. அந்த நேரத்தை விட்டுவிட்டு ஓட்டுங்கள். எரிந்த மோட்டாருக்குப் புதிதாக வைண்டிங் கட்டக் கொடுத்தால், பழைய கம்பியின் கேஜையும் (பருமன்) சுற்று எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் கட்டிக் கொடுத்தால் அடுத்த கோடையைத் தாண்டுவது சந்தேகம்.

குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது ஒரு பக்கம். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, தெருவில் விரிசல் உள்ள இடத்தில் சாக்கடை நீர் உள்ளே போகும்; அதுதான் இழுப்பவர் வீட்டுத் தொட்டிக்கும் வரும். குழாய் மட்டத்துக்குக் கீழே ஒரு தரைத் தொட்டி கட்டி, தண்ணீரைத் தானாக விழவிட்டு, அதிலிருந்து மேலே ஏற்றுவதுதான் சரி. நம் ஊர்க் குடிநீருக்குப் பேர்போன சம்பை ஊற்று நீரின் சுவையைப் பெருமையாகச் சொல்லும் ஊர்க்காரர்கள் நாம், அதில் சாக்கடை கலக்க நாமே வழி செய்யலாமா?

இனி மழை. நமது வீடுகளின் ஓட்டுக் கூரை நாலு பக்கமும் சரிந்து முற்றத்தில் நீரை இறக்குவது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. 1,000 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர். ஓடு குடித்ததும் சிதறியதும் போக 750 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 5,000 சதுர அடி கூரையுள்ள வீட்டில் ஐப்பசியில் ஓர் இரவு 5 செ.மீ. பெய்தால் 18,000 லிட்டருக்கு மேல். இது பல வீடுகளில் தெருச் சாக்கடைக்குப் போகிறது. முற்றத்து மடையில் நாலு குடம் தண்ணீரை ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். கிணற்றுப் பக்கம் போகும் பழைய வழி மண் அடைத்தோ, சிமெண்டு பூசியோ கிடக்கும். புரட்டாசிக்குள் அதைத் திறந்து, கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய ஒரு தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட வேண்டும், அதில் புறா எச்சமும் தூசியும்தான் இருக்கும்.

மழை நீர் விட்ட கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதில் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் இருந்தால் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். சாவி வைத்திருப்பவரிடம் மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஊற்றாமல் ஓட்டினால், ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் கருகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கயிற்றில் அளந்த நீர்மட்டத்தைத் தேதியோடு கிணற்றுச் சுவரில் பெயிண்டில் எழுதச் சொன்னால், அடுத்த சித்திரையில் போர் வண்டியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அந்தச் சுவரே காட்டிவிடும்.

இப்படிக்கு,
ஊருணிப் படி நண்பர்கள்,
காரைக்குடி.