50 ரூபாய் அபராதத்தை மாற்ற உங்கள் குரல் வேண்டும்: எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளுக்குத் தமிழ்நாட்டளவில் ஒரு திருத்தம் வேண்டும். அதற்காக நீங்கள் அவையில் பேச வேண்டும், மசோதா வந்தால் ஆதரித்து வாக்களிக்க வேண்டும்.

1960இல் வந்த அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, தீனியும் தண்ணீரும் தராமல் கட்டிப்போடுவது, வதைபடும்படி வண்டியில் ஏற்றிச் செல்வது என்று எல்லாமே குற்றப் பட்டியலில் இருக்கின்றன. தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்து மாட்டினால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் நம் மாநிலத்தில் 1,000 ரூபாய் கட்டுகிறோம்.

பொள்ளாச்சி சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகும் மாட்டு லாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 50 ரூபாய் அபராதம் அந்த லாரியின் டோல்கேட் செலவுக்குக்கூடக் காணாது. அதற்கு யார் பயப்படுவார்கள்?

அபராதத் தொகையை மட்டும் ஏற்றினால் போதாது. 11ஆவது பிரிவில் இருக்கும் பெரும்பாலான குற்றங்களை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். வெயில், தண்ணீர் கிடையாது, விலா எலும்பு தெரிந்தது. புகார் கொடுக்கப் போனபோது காவல் நிலையத்தில் இருந்தவர் மனிதாபிமானத்தோடுதான் பேசினார். "நான் வந்து சொல்லிப் பார்க்கிறேன், ஆனா இதுக்கு நேரடியா எஃப்.ஐ.ஆர். போட முடியாதுங்க" என்றார். உதவ நினைத்த அவருக்குச் சட்டம் வழிவிடவில்லை. போதாக்குறைக்கு, குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்றால் அதோடு முடிந்தது என்கிறது 36ஆவது பிரிவு.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது போன்றவற்றுக்கு. பட்டினி போடுவதும் தினம் தினம் அடிப்பதும் அதற்குள் எளிதில் வராது. விலங்குகள் மீதான பாலியல் வன்முறைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆவது பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறவே இல்லை. இதையும் மாநிலத் திருத்தத்தில் சேர்க்க வேண்டும்.

இது மத்திய அரசின் சட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. இதே சட்டத்துக்கு நம் சட்டமன்றம் 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்காகத் திருத்தம் நிறைவேற்றியது. அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்துவிட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. ஜல்லிக்கட்டைத் தடை செய்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருந்தது: 11ஆவது பிரிவின் தண்டனைகள் போதாது, அவற்றைக் கடுமையாக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தடைக்கு நாம் பதில் சொல்லிவிட்டோம். இதற்கு இன்னும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. அதையே நம்பிக் காத்திருக்க எனக்கு மனசில்லை.

கிராமத்து வாக்காளர்கள் கோபப்படுவார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், அது நியாயமான தயக்கம்தான். உணவுக்காக அறுப்பதற்கும், மதச் சடங்கில் பலியிடுவதற்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்கு நாமே விலக்கு எழுதிவிட்டோம். தண்டனையைத் திருத்தினால் இவை எதுவும் மாறாது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. மணல் வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றி, மாட்டைச் சாட்டையால் அடிக்கிறவர் பெரும்பாலும் கடனில் இருப்பவர். நடை கூடினால்தான் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியும். 50,000 ரூபாய் அபராதம் போட்டால் அவர் மாட்டை விற்றுத்தான் கட்டுவார். ஆகவே சும்மா தொகையை ஏற்றிவிட்டு வராதீர்கள். வேண்டுமென்றே சித்திரவதை செய்பவருக்கும், அதில் லாபம் பார்க்கும் பெரிய வியாபாரிக்கும் சிறையும் கனமான அபராதமும் இருக்கட்டும். வறுமையால் தவறுகிறவருக்கு முதலில் எச்சரிக்கை, கால்நடை மருத்துவரின் மேற்பார்வை, அப்புறம் தண்டனை என்று படிப்படியாக எழுதுங்கள். வழக்கு நடக்கும்போது விலங்கை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மாவட்டத்துக்கு ஒரு அரசுக் காப்பகமாவது இல்லாமல் எந்த அதிகாரியும் பறிமுதல் செய்யத் துணிய மாட்டார்.

இந்தச் சட்டம் பிறந்ததிலேயே நமக்குப் பங்கு உண்டு. மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி தந்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். அவர் முதல் தலைவராக இருந்த விலங்குகள் நல வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

கால்நடை பராமரிப்புத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பேசுங்கள். துறை அமைச்சருக்கு எழுத்தாகவும் கொடுங்கள். தேவையான பிரிவுகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் தொகுதி அலுவலகத்தில் நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர்