எடை பார்க்கும் நாளில் உடல் வெப்பத்தையும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை ஆகியவற்றின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

அங்கன்வாடி மையங்களில் மாதந்தோறும் குழந்தைகளின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தால் அந்த அளவுகள் சிகிச்சைக்கும் உணவுக்கும் வழிகாட்டுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மிக மெலிந்த கைக்குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பசி மட்டுமன்று. நிமோனியாவும் இரத்தத்தில் பரவும் பாக்டீரியத் தொற்றும்தான் பல நேரங்களில் முந்திக்கொள்கின்றன. அவற்றை எடைக் கருவி காட்டிக்கொடுக்காது.

ஊட்டமுள்ள குழந்தைக்குத் தொற்று கண்டால் உடம்பு கொதிக்கும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கோ காய்ச்சல் வராமலே போகலாம். மாறாக உடல் குளிர்ந்து, இரத்தச் சர்க்கரை குறைந்து, பால் குடிப்பதை நிறுத்தி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். காய்ச்சல் இல்லையே என்று வீட்டார் ஆறுதல் கொள்வார்கள், சிலர் சீர் தட்டியிருக்கிறது என்று மந்திரிக்கப் போவார்கள். (அவர்களை நொந்து பயனில்லை, குளிர்ந்த உடம்பும் நோய்தான் என்று நாம் சொல்லித் தந்தோமா?) கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு அக்குள் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், தொற்று இருப்பதாகவே கொண்டு, ஆய்வக அறிக்கைக்குக் காத்திராமல் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசிகளைத் தொடங்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் நெறி.

பிறந்து 42 நாள் வரை வீடு தேடி வரும் பணியாளரின் பையில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும் என்று தேசியத் திட்டமே வகுத்திருக்கிறது. அதன் பின்னும் அங்கன்வாடியில் அது இருக்கட்டும். எடை மிகக் குறைந்த ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அன்றே அக்குள் வெப்பம் பார்த்து, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணி (இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதன்பின் ஓராண்டு வரை 50, அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து), பால் குடிக்கிறதா என்று தாயிடம் கேட்டுப் பதிய வேண்டும். குறை தென்பட்டால், பாலூட்டி, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தியபடியே 108 ஆம்புலன்சில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சத்துமாவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

மெலிந்த குழந்தைக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் அது வேறொரு கேடு. உரிய குழந்தையை உரிய நேரத்தில் பிரித்தறியவே இத்தனையும் கேட்கிறேன்.

அங்கன்வாடிப் பணியாளர் ஒரு துறையிலும் கிராம சுகாதார செவிலியர் மற்றொன்றிலும் இருப்பதால், இதற்கான சுற்றறிக்கை இரு துறைகளின் கையெழுத்தோடும் ஒன்றாக வெளிவர வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்