அண்ணே, ஒரு பித்தளைத் துண்டு வேண்டும்

ஆன் ஆர்பர், மிச்சிகன்
நவம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். நீ, அண்ணி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உன் கடையில் எவனாவது ஆக்சிலேட்டரை முறுக்குகிறான், நீயும் "அப்புறம் கூப்பிடுடா" என்று வைத்துவிடுகிறாய். தவிர, இதில் அளவு இருக்கிறது, படம் இருக்கிறது. காகிதத்தில் வந்தால்தான் உன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பாய்.

போன வாரம் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தோம். வருடா வருடம் இதே கூத்துதான். இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. பனி இன்னும் கொட்டவில்லை, ஆனால் காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்து கிடப்பதைச் சுரண்டாமல் கிளம்ப முடியாது. வேலை எப்போதும்போல. மூன்று வருடமாகக் கார் கம்பெனிக்கு உழைக்கிறேன், இதுவரை ஒரு போல்ட்டைக் கழற்றியதில்லை. காரின் ஒயரிங் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, நானும் அதற்குள்ளேயேதான் கிடக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேஸ் கிடார் கட்டப் போகிறேன். எல்லாம் மற்றவர்கள் கழித்துப் போட்ட பாகங்கள். மூன்று டிவிஎஸ் 50-ஐப் பிரித்துப்போட்டு அதிலிருந்து ஒன்றைத் தேற்றி மாமாவுக்குக் கொடுத்தாயே, அந்த மாதிரி.

பேஸ் கிடார் எது என்று உனக்குக் குழப்பம் வரும். நம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் நான்கு கம்பி கிடாரை மாட்டிக்கொண்டு ஒருவர் ஆடாமல் அசையாமல் நிற்பாரே, அவர் கையில் இருப்பது. நான் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, நெஞ்சுக்குள் ஏதோ உறுமுகிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ "பசிக்குதுடா உனக்கு" என்று வடை வாங்கிக் கொடுத்தாய். பசி இல்லை அண்ணே, அவர்தான். தடித்த கம்பி ஒரு நொடிக்கு 41 தடவைதான் அதிரும். காதில் விழுவதற்கு முன்னால் விலா எலும்பில் விழும்.

இந்தக் கருவியைக் கொண்டுவந்த ஆளின் கதை உனக்குப் பிடிக்கும். லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது. 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பேஸ் வாசிக்கிறவர்கள் ஆள் உயரத்துக்கு இருக்கிற வயலின் மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். அதில் கழுத்து உடைந்தால் கைதேர்ந்த ஆசாரிதான் வர வேண்டும். ஃபெண்டர் செய்ததில் கழுத்தையும் உடம்பையும் பிடித்து வைத்திருப்பது நான்கே நான்கு ஸ்குரூ. கழற்று, வேறு போடு, வாசி. ரிப்பேர்காரன் புத்தி எப்படி வேலை செய்திருக்கிறது பார். எழுபது வருடத்துக்கு அப்புறம் நான் ஒருவரிடம் பாடியும் இன்னொருவரிடம் நெக்கும் வாங்கி ஒன்று சேர்க்கலாம் என்று துணிவதற்கு அதுதான் காரணம்.

பாகங்கள் எப்படிச் சேர்ந்தன என்று கேள். வெயில் காலத்தில் இங்கே சனிக்கிழமை தோறும் வீட்டு வாசலில் வேண்டாத சாமானைப் பரப்பி வைத்து விற்பார்கள். கராஜ் சேல் என்று பெயர். குழந்தை சைக்கிளில் இருந்து கல்யாணப் பீங்கான் தட்டு வரை எல்லாம் வரும். அப்படி ஒரு வாசலில் 40 டாலருக்கு பாடி கிடைத்தது. ஆல்டர் மரம், மேலே யாரோ சிவப்புப் பெயின்ட்டைத் தாரை தாரையாக வழியவிட்டிருந்தார்கள். கம்பியின் அடிமுனையைத் தாங்குகிற பிரிட்ஜ், என்னோடு வேலை செய்கிற பையன் கொடுத்தது. கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப், அடகுக் கடைப் பெட்டியில் கிடந்தது. கம்பி முறுக்குகிற கீ மூன்று ஒரே ஜாதி, நான்காவது வேறு ஜாதி. அது எதிர்ப்பக்கம் சுற்றும். பரவாயில்லை, பழகிக்கொள்வேன்.

நெக்கில்தான் அடி வாங்கினேன். முதலில் தபாலில் 60 டாலருக்கு ஒன்று வாங்கினேன். விற்ற ஆள் "நேராக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். வந்ததும் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால், முறுக்கிப் பிழிந்த ஈரத் துண்டு மாதிரி நின்றது. வளைவாக இருந்தால் கவலை இல்லை. நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை அரைச் சுற்று, கால் சுற்று முடுக்கி வளைவை எடுத்துவிடலாம், நீ ஸ்போக்கை முடுக்கி ரிம் கோட்டம் எடுப்பது போல. முறுக்கலுக்கு அது உதவாது, சேஸிஸ் முறுக்கிக்கொண்ட வண்டி கதைதான். அது இப்போது ஜன்னல் ஓரத்தில் துணி காயப்போடுகிற கொம்பாக இருக்கிறது. அம்மாவிடம் 60 டாலர் என்று சொல்லாதே, ரூபாயில் பெருக்கிப் பார்ப்பாள்.

இரண்டாவது நெக் நேராக இருக்கிறது. ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸ் வகை, தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர்தான் அகலம். பிரிசிஷன் நெக் இதைவிட அகலம், என் கைக்கு இதுதான் தோது. வீணையில் மெட்டு இருக்குமே, அதே போல இதில் குறுக்கே ஃப்ரெட்டுகள். வீணையில் மெழுகு வைத்துக் காதால் கேட்டுக் கேட்டு மெட்டைப் பதிப்பார்கள். இதில் எல்லாம் கணக்கு. கம்பியின் நீளம் 34 அங்குலம். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம். மிச்சம் இருப்பதைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12-ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில் வந்து உட்காரும். அங்கிருந்து பிரிட்ஜ் இன்னொரு 17 அங்குலம், தடித்த கம்பிக்கு மட்டும் ஒரு பொட்டு கூடுதல். இந்தத் தூரம் தப்பினால் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் சுருதி சேராது.

அதனால் போன சனிக்கிழமை எதையும் ஒட்டாமல், துளைக்காமல், சும்மா பொருத்திப் பார்த்தேன். நெக்கை பாடியின் பள்ளத்தில் வைத்தால் லொடலொட என்று ஆடுகிறது. பள்ளம் 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். நெக்கின் அடி 62. ஒன்று அங்குலக்காரன் செய்தது, இன்னொன்று மில்லிமீட்டர்காரன் செய்தது என்று நினைக்கிறேன். உன் கடையில் அங்குல ஸ்பேனரும் மில்லி ஸ்பேனரும் கலந்து கிடந்து நீ கத்துவாயே, அந்தப் பஞ்சாயத்து இங்கேயும் தொடர்கிறது.

அப்புறம் தையல் நூலை எடுத்தேன். முதல் கம்பியும் நான்காவது கம்பியும் ஓட வேண்டிய வழியில் தலையில் இருந்து பிரிட்ஜ் வரை இரண்டு நூல் கட்டி, டேப் போட்டு இழுத்து ஒட்டினேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நீ நூல் பிடித்துப் பார்ப்பாயே, அதேதான். ஒரு நூல் நெக்கின் ஓரத்தில் இருந்து கீழே விழுகிற மாதிரி போகிறது, எதிர்ப்பக்கம் ஏகப்பட்ட இடம். நெக்கின் அடியை ஒரு நகக்கண் அளவு தள்ளினேன். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. விட்டால் திரும்பப் பழைய இடத்துக்குப் போனது. ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அந்த இடுக்கில் செருகினேன். நூல் நின்றது. தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

நெக்கின் அடியில் ஏற்கெனவே வேறு ஏதோ பாடிக்குப் போட்ட நான்கு ஓட்டை இருக்கிறது. ஒன்றும் இதற்குச் சேராது. அதில் மரக்குச்சி அடித்து, பசை விட்டு, காய்ந்த பிறகு புதிதாகத் துளைக்க வேண்டும். நெக் மேப்பிள் மரம், லேசில் விட்டுக்கொடுக்காது. ஒரு கழிவுத் துண்டில் பழகிப் பார்த்தபோது, துளையைச் சின்னதாகப் போட்டுவிட்டு ஸ்குரூவை முறுக்கினேன். டக். தலை தனியாகக் கையோடு வந்தது. அடுத்ததைப் பெரிய துளையில், சோப்பில் நன்றாகத் தேய்த்துவிட்டு இறக்கினேன், வெண்ணெய் மாதிரி போனது. இதையெல்லாம் ஏன் கவனமாகச் செய்கிறேன் என்றால், நான்கு கம்பியும் முறுக்கேறி நின்றால் எழுபத்தைந்து எண்பது கிலோ இழுவை. ஒரு முழு ஆள் இரவும் பகலும் தொங்குகிற மாதிரி.

பிக்கப் என்பது வேறொன்றும் இல்லை, உன் டிவிஎஸ் மேக்னட் காயில்தான். அங்கே மேக்னட் சுற்றும், இங்கே கம்பி ஆடும். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதில் இரண்டு பாதி உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு கம்பிக்கு. ஒன்றை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள், கரண்டில் இருந்து வருகிற "ம்ம்ம்" இரைச்சல் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 1957-இல் வந்த யோசனை. என்னுடையதில் ஒரு பாதிக்கு மீட்டர் 5.4 கிலோ ஓம் காட்டியது, மறு பாதி ஒன்றுமே காட்டவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காயில் முடிகிற இடத்தில், பற்றவைக்கிற சின்ன வளையத்துக்குப் பக்கத்தில் கம்பி அறுந்து நிற்கிறது. மூச்சு விட்டால் பறக்கிறது. குண்டூசியால் ஒரே ஒரு சுற்றைப் பிரித்து, சால்டரிங் அயர்னின் நுனியை ஒரு நொடி வைத்து எடுத்தேன். மூன்றாவது முயற்சியில் 5.3 காட்டியது. நம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுவாரே, அவர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் சத்தம் வரும்.

கருவியெல்லாம் ஏது என்பாய். இந்த ஊர் நூலகத்தில் புத்தகம் மாதிரியே டூல்ஸும் இசைக்கருவியும் இரவல் தருகிறார்கள். இந்த நாட்டில் எனக்குப் பொறாமையாக இருக்கிற விஷயம் இது ஒன்றுதான். நம் ஊரில் உன் கடைதான் அந்த நூலகம், திரும்பி வராத ஸ்பேனர் கணக்கு உனக்குத்தான் தெரியும்.

பெயின்ட் இப்போதைக்கு இல்லை. அப்பார்ட்மென்ட்டில் ஸ்ப்ரே அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், பால்கனியில் அடிக்கலாம் என்றால் குளிர். சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் மட்டும் தடவப் போகிறேன். இன்னொரு விஷயம், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஃப்ரெட்டின் ஓரம் பால்பல் மாதிரி வெளியே முளைத்துக் கையைக் கீறும். ஒரு குளிர்காலம் முழுக்க நெக் இந்த வீட்டில் இருந்து சுருங்குகிற மட்டும் சுருங்கட்டும், பிறகு ஓரத்தை அரம் போட்டுக்கொள்ளலாம். ஆக, கம்பி மாட்டுவது ஏப்ரலில்தான்.

போன மாதம் டெட்ராய்ட் போயிருந்தேன், காரில் முக்கால் மணி நேரம். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்த வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் இருந்தால் பெரிய வீடு என்று சொல்வோம், அவ்வளவுதான். அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1962-இல் செய்த ஒரு பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டி, உலகம் முழுக்க ஓடிய பாட்டுகளுக்கு வாசித்திருக்கிறார். தென் கரோலினாவில் இருந்து பிழைக்க வந்த குடும்பம். பல வருடம் இசைத்தட்டு உறையில் அவர் பெயரே இல்லை. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். 1983-இல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த பேஸ் திருடு போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தச் சின்ன ஸ்டூடியோ அறையில் நின்றபோது எனக்கு மாசித் திருவிழா மேடைதான் ஞாபகம் வந்தது. வடையும்.

இப்போது உன் வேலை. கம்பிகள் தலையில் இருந்து இறங்குகிற இடத்தில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு, நான்கு பள்ளம் வெட்டியது. எலும்பிலும் செய்வார்கள், பிளாஸ்டிக்கிலும் செய்வார்கள், பித்தளையும் நன்றாக இருக்கும், தேயாது. கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகம் இல்லை. ஆனால் நாகல் நகரில் பூட்டுக்கு லீவர் அராவுகிற பெரியவர் உன் கடைக்கு வருவாரே, அவர் கையால் வேண்டும். கண்ணால் பார்த்தே அரை மில்லியை எடுக்கிறவர் அவர்.

பித்தளைத் துண்டு நீளம் 38 மில்லிமீட்டர், தடிப்பு 3.2, உயரம் 8. அடிப்பக்கம் மட்டம். ஒரு ஓரத்தில் இருந்து 4 மில்லி விட்டு முதல் பள்ளம், அதில் இருந்து பத்துப் பத்து மில்லி தள்ளி மற்ற மூன்றும். பள்ளத்தின் அகலம் வரிசையாக 2.7, 2.2, 1.7, 1.2. ஆழம் அதிகம் போட வேண்டாம், ஒரு மில்லி போதும், மிச்சத்தை இங்கே நான் இறக்கிக்கொள்கிறேன். தடிப்பை மட்டும் குறைத்துவிட வேண்டாம் என்று சொல், கூடினால் தேய்க்கலாம், குறைந்தால் ஆடும். படம் பின்பக்கம் இருக்கிறது. அவர் காசு வேண்டாம் என்பார், கட்டாயம் கொடு.

டிசம்பரில் என்னோடு வேலை செய்கிறவனுடைய அப்பா அம்மா மதுரையில் இருந்து வருகிறார்கள். அம்மா இட்லிப்பொடி கொடுத்துவிடுவாள் அல்லவா, அந்தப் பொட்டலத்துக்குள் இதை வைத்துவிடாதே, தனியாகச் சுற்றிக் கொடு. அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்குக் கணக்கு வரவில்லை என்றாயே, அந்த 17.817 வகுத்தலைப் போட்டுப் பார்க்கச் சொல், இருபது ஃப்ரெட் வரை.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: இதற்கு இங்கே பெயர் நட். பெரியவரிடம் அப்படிச் சொல்லிவிடாதே, எந்த சைஸ் போல்ட்டுக்கு என்று கேட்பார்.