தடைவட்டத்தின் அகலம் மருந்தின் வலிமை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீமை அகத்தி இலைச் சாறு ‘ஆன்டிபயாடிக்கை மிஞ்சுகிறது’ என்று கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்டதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வண்டுகொல்லி என்றே பெயர் பெற்ற அச்செடியின் இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். இலையில் கிரைசோபனால், ரெயின் முதலிய ஆந்த்ராகுவினோன் வகை வேதிப்பொருள்கள் இருப்பதும் தெரிந்ததே. ஆகவே அதைச் சோதிப்பது வீண்வேலை அன்று. செய்த சோதனையிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதே என் கேள்வி.

கிருமியைப் பரப்பிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் குழி வெட்டிச் சாற்றை ஊற்றி, மறுநாள் கிருமி வளராத வட்டத்தின், அதாவது தடைவட்டத்தின், குறுக்களவை மில்லிமீட்டரில் அளப்பதே அச்செய்தியில் சொல்லப்பட்ட முறை. ஒப்பிடுவதற்கு வைக்கும் ஜென்டமைசின் என்னும் ஆன்டிபயாடிக் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து மட்டுமே; குழியில் ஊற்றுவதோ பெரும்பாலும் பல மில்லிகிராம் சாறு. நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாக ஊற்றிய பிறகும் இரு வட்டங்களும் ஏறத்தாழ ஒரே அகலமாக இருந்தால், அதைச் சாற்றின் வெற்றி என்று எவ்வாறு சொல்வது? போதாக்குறைக்கு, எண்ணெய்த்தன்மை உள்ள பொருள்கள் அகாரில் எளிதில் ஊடுருவுவதில்லை என்பதால், உண்மையிலேயே வலிமையான சாறுகூடச் சிறிய வட்டத்தையே காட்டக்கூடும். சாற்றைப் படிப்படியாகப் பாதியாக நீர்க்கச் செய்து, கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் கச்சாச் சாற்றை இத்துறையினர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. 100 மைக்ரோகிராமுக்குள் அடங்கினால் ஆர்வம் காட்டுவார்கள். அதன் பிறகும் அது மனிதத் தோல் செல்களைக் கெடுக்காதா என்று பார்த்தாக வேண்டும். பினாயிலை ஊற்றினாலும் அழகான வட்டம் விழும்.

பூஞ்சை விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது. சோதித்தது கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட்டை. செய்தியின் தலைப்போ படர்தாமரையைப் பற்றியது. படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமாவது டிரைக்கோபைட்டான் வகை இழைப்பூஞ்சை. அது மெல்ல வளர்வதால் முடிவு தெரியச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். டெர்பினாபைன் என்னும் பூஞ்சை மருந்துக்கு அடங்காத டிரைக்கோபைட்டான் இந்தோடினியே என்னும் இனம் இந்தியாவில் பரவிவரும் இந்நாளில், நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த அந்தப் பூஞ்சையின் மீதே சீமை அகத்தியைச் சோதித்தால், மெத்தனால் என்னும் கரைப்பானில் எடுத்த சாற்றோடு மக்கள் பூசும் எலுமிச்சைக் கலவையையும் சேர்த்துச் சோதித்தால், அது உண்மையிலேயே பயனுள்ள ஆய்வாக இருக்கும்.

மாணவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. குறைந்த செலவில் பல செடிகளைச் சலித்துப் பார்க்கக் குழி முறை ஏற்றதுதான். சலித்ததையே முடிவாக அறிவிப்பதுதான் தவறு. பயன்படுத்திய செடியின் மாதிரியைத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) போன்ற இடங்களில் காட்டி இனத்தை உறுதிசெய்துகொள்வதும் அவர்களால் இயலாத காரியம் அன்று.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, சோதித்தது எந்தக் கிருமியை, ஊற்றியது எவ்வளவு சாற்றை, சாறு எடுக்கப் பயன்படுத்திய கரைப்பானை மட்டும் ஊற்றிய குழியில் என்ன நடந்தது ஆகியவற்றை ஆய்வாளரிடம் கேட்டுச் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி