பாக்கியத்துக்கு, அட்டனிலிருந்து

அன்புள்ள பாக்கியம்,

கோத்தகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. 1974இல் உன்னை ஏற்றிக்கொண்டு போன கோச்சியும் தலைமன்னார்க் கப்பலும் இதைவிட வேகம்.

இருமல் தாங்காமல் நெஞ்சு மாத்திரையை நீயே நிறுத்திவிட்டாயாமே. படித்ததும் கோபம் வந்தது. நானும் அதே கூத்தை ஆடியவள்தான், அதனால்தான் கோபம். எனலாப்ரில் தொடங்கி இரண்டாம் மாதம் எனக்கு வறட்டு இருமல் பிடித்தது. சளியில்லை, காய்ச்சலில்லை, படுத்தால்தான் தொண்டைக்குள் அரிப்பு. இங்கே பனிக்காலத்தில் இருமாதவர் யார்? கொத்தமல்லி அவித்துக் குடித்தே மூன்று மாதத்தை ஓட்டினேன். கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டி, மாத்திரைப் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். லொசார்டனுக்கு மாற்றினார். ஒரு மாதத்துக்குள் இருமல் போயிற்று. உன் மாத்திரைப் பெயரும் 'ப்ரில்' என்று முடிகிறதா பார். முடிந்தால் நாளைக்கே போய் மாற்றித் தரச் சொல். சும்மா நிறுத்திவிட்டு உட்கார்ந்திராதே.

இருமலாவது பரவாயில்லை. என்னைச் சாய்த்தது முழங்கால் வலிக்கு வாங்கின குளிசை. போன ஐப்பசி மழையில் காலை மடக்கவே முடியவில்லை. கீழ் லயத்து அக்கா தனக்குக் கேட்டது என்று டைக்ளோஃபெனாக் நாலு தந்தாள். அமிர்தம் போல இருந்தது, பாக்கியம்! அப்புறம் பாமசியில் நானே ஒரு அட்டை வாங்கினேன். சீட்டும் கேட்கவில்லை, நெஞ்சு வருத்தம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்காலை அமுக்கினால் ரொட்டி மாவில் விரல் வைத்த மாதிரிக் குழி. இரவில் மூன்று தலையணை வைத்தும் மூச்சு முட்டியது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்தேன். அந்தக் குளிசை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்குமாம், பிரஷரை ஏற்றுமாம். நான் ஏற்கெனவே அஸ்பிரின் குடிப்பவள், அதனால் வயிற்றுக்குள் இரத்தம் கசியவும் இடமுண்டு என்றார்கள். இதே சாதியில் ரொஃபெகொக்சிப் என்று ஒன்றை மாரடைப்புக்கு வழி செய்கிறதென்று 2004இல் உலகம் முழுக்க விற்பனையிலிருந்து எடுத்தார்களாம். வார்ட்டில் ஒரு சின்ன டொக்டர் பிள்ளை உட்கார்ந்து சொன்னது.

என் பிழை என்ன தெரியுமா? மூட்டு கிளினிக்குக்கு ஒரு கொப்பி, இருதய கிளினிக்குக்கு ஒரு கொப்பி. இரண்டையும் ஒருநாளும் ஒன்றாகக் கொண்டு போனதில்லை. இப்போது இரண்டும் ஒரே பையில்தான். பாமசியில் வாங்கினதையும் அதே பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.

இந்த இடத்திலிருந்து எழுத்து அழகாகியிருக்குமே! விரல் மடங்கவில்லை, பேத்தி எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதாமல் நடுவில் திருத்தம் வேறு செய்கிறாள். இரண்டு பேரும் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்துப் படித்த காலத்தில் இந்த வாய் நமக்கு இருந்ததா?

விரலுக்கு மெதோட்ரெக்ஸேட் தருகிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், எனக்கு ஞாயிறு இரவு. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்தாம். அதன் உபாதையைக் குறைக்க ஃபோலிக் அமிலம் புதன்கிழமை. இரண்டுமே குட்டிக் குட்டியாக மஞ்சள் நிறம்! கடதாசி உறையில் போட்டுத் தருவதால் ஒருநாள் மாறிப்போகப் பார்த்தது. பேத்தி ஒன்றில் சிவப்புப் பேனாவால் கோயில் கோபுரம் கீறிவிட்டாள், ஞாயிற்றுக்கு அடையாளம். திங்கள் காலை குமட்டும், சோறு இறங்காது, கஞ்சியோடு விட்டுவிடுவேன். அடிக்கடி இரத்தம் சோதிக்கிறார்கள், ஈரலுக்காக.

தண்ணி மாத்திரை, அதுதான் உடம்பில் தேங்கின தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை, அந்த விஷயம் உனக்கு மட்டும். அதைக் குடித்துவிட்டு பஸ் ஏறினால் தலவாக்கலை வருவதற்குள் மானம் போகும். டொக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பயண நாளில் வீட்டுக்கு வந்த பிறகு குடி, ஆனால் இரவாக்காதே என்றார். காலையில் வெறும் வயிற்றில் நிறை பார்க்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வலிக்கு இப்போது பரசிட்டமோல் மட்டும். தண்ணீரில் கரைகிற வகை வேண்டாமாம், அதிலும் உப்பு. கருவாட்டையும் நிறுத்தியாயிற்று. சம்பலும் கருவாடும் இல்லாத ரொட்டியை என்னவென்று சொல்ல? பக்கத்து வீட்டில் சுடும்போது யன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

உனக்குக் கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய், இரண்டையும் எழுது. கடிதத்துக்குக் காத்திராமல் உன் பேரனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், என் பேத்தி வாசித்துக் காட்டுவாள். இருமல் நின்றதா என்பதை முதல் வரியில் போடு.

உன்
செல்லம்மா