மங்கைக்கு, டெல்லிப் புல்லைப் பற்றி

மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பானுவுக்கு டெல்லிக்கு மாற்றலாகிவிட்டது, ஆகஸ்டில் குழந்தையோடு வருகிறாள் என்று படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அதே பக்கத்தின் கீழே இருந்த இரண்டு வரிகளில் கவலையாகிவிட்டது. "தீபாவளிக்கு முன்பே நிதிலாவைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிடுவேன், அதுவரை அங்கே புகை இல்லையே, உங்கள் காலனிப் பூங்காவின் புல்தரையில் ஓடியாடட்டும்" என்று எழுதியிருக்கிறாய். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அது நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே மற்றச் செய்திகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். லில்லி மிஸ் வகுப்பில் புல்லின் பூவைப் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நீ. இப்போதாவது கடைசி வரை பொறுமையாகப் படி.

டெல்லியில் மழை ஓயத் தொடங்கும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை புற்கள் பூக்கும் காலம். யமுனைக் கரை நெடுக நாணல் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். காலி மனைகளில் கொழுக்கட்டைப் புல்லும், எல்லா இடத்திலும் அருகும் கதிர் விட்டிருக்கும். இவை அனைத்தும் காற்றை நம்பி மகரந்தத்தைத் தூவுபவை. வசந்தத்திலும் ஒரு சுற்று உண்டு. மழைக்குப் பிந்தைய அந்த நாட்களில் வானம் நீலமாக இருப்பதால் காற்று சுத்தமாகிவிட்டது என்று இங்கே உள்ளவர்களே நம்புகிறார்கள். ஆனால் வாகனங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. அவை விடும் நைட்ரஜன் டை ஆக்சைடும், வெயில்பட்டு அதிலிருந்து உருவாகும் ஓசோனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொரு செய்தி உனக்கு வியப்பாக இருக்கும்: நெரிசலான சாலையின் ஓரத்தில் புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், அங்கே இருப்பதைவிடச் சற்றுத் தள்ளியிருக்கும் பசுமையான இடங்களில்தான் பெரும்பாலும் ஓசோன் கூடுதலாக இருக்கும். புல்லும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதே நான் சொல்ல வந்த விஷயம். புகை வேறு, மகரந்தம் வேறு என்று பிரித்து, ஒன்று இல்லாத மாதத்தில் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறோம். புகையோ மகரந்தத்தையே மாற்றிவிடுகிறது.

முதலில் அளவைக் கவனி. புல்லின் மகரந்தத் துகள் ஏறத்தாழ 20 முதல் 50 மைக்ரான் வரை பருமன் உள்ளது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு பெரிய துகள் மூக்கைத் தாண்டி நுரையீரலுக்குள் ஆழமாகப் போக முடியாது; தும்மலையும் கண் அரிப்பையும் தந்துவிட்டு மேலேயே தங்கிவிடும். ஆனால் அதன்மேல் தண்ணீர் பட்டால், ஊறவைத்த கடலையின் தோல் கிழிவதைப் போல அது வெடிக்கிறது. ரை என்ற குளிர்நாட்டுப் புல்லின் ஒரே ஒரு மகரந்தத் துகளுக்குள்ளிருந்து சுமார் 700 மாவுமணிகள் வெளிவருவதையும், அவை ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்கும் குறைவாக இருப்பதையும், ஒவ்வாமைப் புரதத்தை அவை சுமந்திருப்பதையும் 1992-இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த அளவு சிறு மூச்சுக்குழல்கள் வரை போகும். அதே ஊரில் 2016 நவம்பர் 21 மாலை இடிமழைக் காற்று வீசியபோது, மூச்சுத் திணறலோடு 3,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலருக்குப் புல் மகரந்தத்தால் தும்மல் மட்டுமே இருந்தது, ஆஸ்துமா இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, மங்கை.

அங்கே வெடிக்க வைத்தது இடிமழையின் ஈரம் என்று கருதுகிறார்கள். புகையும் அதற்குத் துணைபோகிறது. 2006-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் திமோத்தி என்ற இன்னொரு குளிர்நாட்டுப் புல்லின் மகரந்தத்தை ஓசோனிலும் நைட்ரஜன் டை ஆக்சைடிலும் வைத்துப் பார்த்தபோது, அந்த வாயுக்கள் பட்ட துகள்கள் உள்ளிருக்கும் மணிகளை இன்னும் எளிதாகக் கொட்டிவிட்டன. டீசல் கரித்துகள் செய்வது வேறு ஒரு வேலை: ரை புல்லின் முதன்மையான ஒவ்வாமைப் புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது என்பது 1997-இலேயே தெரிந்துவிட்டது. மகரந்தம் போக முடியாத ஆழத்துக்குக் கரி அந்தப் புரதத்தை ஏற்றிச் செல்ல முடியும். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்து புரதத்தின் அமைப்பிலேயே கைவைப்பதும் உண்டு. பிர்ச் மரத்தின் மகரந்தப் புரதத்தில் அப்படி நைட்ரஜன் ஏறியபோது, உடலின் எதிர்ப்பு இன்னும் கடுமையாக எழுந்தது.

நீ சந்தேகப் பிராணி என்பதால் மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. ஓசோனில் வளர்ந்த புல்லின் மகரந்தத்தில் ஒவ்வாமைப் புரதம் கூடியதாகச் சில ஆய்வுகளும், குறைந்ததாகச் சில ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் ஓசோன் ஒரு புரதத்தைக் குறைத்தது; ஆனால் கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கியதும் ஒரு பூவுக்கு மகரந்தம் சுமார் 50 சதவீதம் பெருகியதால், மொத்தத்தில் காற்றில் கலக்கும் ஒவ்வாமைப் பொருள் கூடவே செய்யும் என்று கணித்தார்கள். மேலும், இவை பெரும்பாலும் குளிர்நாட்டுப் புற்களில் செய்த சோதனைகள். புல்லின் ஒவ்வாமைப் புரதங்களை எண்ணிட்டு வகை பிரித்திருக்கிறார்கள்; அவற்றில் உள்ள ஐந்தாம் வகைப் புரதம் நம் அருகம்புல்லிலும் நாணலிலும் இல்லை. முதல் வகைப் புரதம் உண்டு. அங்கே அளந்ததை அப்படியே யமுனைக் கரைக்குப் பொருத்தக் கூடாது, இங்குள்ள புல்லில் இங்குள்ள காற்றில் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் டீசல் கரியில் ஒட்டுவதாக மேலே சொன்னது அந்த முதல் வகைப் புரதம்தான்.

உடலின் பக்கமும் ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஓர் ஆய்வில், ராக்வீட் என்ற களையின் ஒவ்வாமைப் புரதத்தை மட்டும் மூக்கில் இட்டதைவிட, டீசல் துகளோடு சேர்த்து இட்டபோது அதற்கெதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) பல மடங்கு உயர்ந்தது. ஆகவே புகைபட்ட குழந்தைக்கு, தஞ்சாவூரில் தாங்கிக்கொண்ட அளவே இங்கே அதிகமாகிவிடலாம்.

பானுவுக்கு நீ சொல்ல வேண்டியவற்றை எழுதுகிறேன். வந்தவுடன் நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, எந்தெந்த மகரந்தம் ஆகாது என்று தோல் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இங்கே வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனம் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் வேலை செய்துவருகிறது. நன்றாக இருக்கிறாளே என்று தினசரி இன்ஹேலரை மழைக்காலத்தில் நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதா குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். புல் வெட்டும் நாளிலும், இடியோடு காற்று எழும் மாலையிலும் குழந்தை வீட்டுக்குள் இருக்க வேண்டும். துணிகளை மொட்டை மாடியில் காயப்போட வேண்டாம். விளையாடிவிட்டு வந்தால் தலையோடு குளிக்கட்டும். ஆண்டு முழுவதும் அவளை அறைக்குள் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. அவள் ஓடியாட வேண்டும், அதற்குக் கதிர் விடாத இடமும் நேரமும் பார்த்து நானே அழைத்துப் போகிறேன்.

விநாயகர் சதுர்த்திக்கு நீ இங்கே இருப்பாய் என்று நினைக்கிறேன். அருகம்புல் மாலை கட்டுவதை உன்னால் விட முடியாது என்பது எனக்குத் தெரியும், விடவும் வேண்டாம். கதிர் இல்லாத இளந்தளிராகப் பறித்து, கழுவிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவரலாம். உன் அருகம்புல் சாற்றை மட்டும் குழந்தைக்குக் கொடுக்காதே, அந்தப் பேச்சை நேரில் வைத்துக்கொள்வோம்.

நிதிலா இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும், போன ஆண்டு எந்தெந்த மாதங்களில் அவளுக்கு இரைப்பு வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடனே அனுப்பு. அதை வைத்துக்கொண்டு ஜூலையிலேயே மருத்துவரிடம் நாள் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
கோமதி