புண்ணை எண்ணுகிறீர்கள், ஒட்டுண்ணியையும் பாருங்கள்

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். காட்டுக்கு விறகெடுக்கப் போய்வருகிற என் மாமாவுக்கு முழங்கைக்குக் கீழே ஒரு பரு வந்தது, வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை, புண்ணாகி விளிம்பு தடித்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனார். லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடித்துப் பரவுகிற ஒட்டுண்ணி நோய். கிழமைக்கு ஒரு தடவை புண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், மாறிவிட்டது. பார்த்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. இங்கே தோலில் புண் போடுகிற லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணிதான் பீகாரில் கருங்காய்ச்சலைக் கொடுக்கிறது. அங்கே அது மண்ணீரலையும் ஈரலையும் வீங்கவைத்து, மருந்து கிடைக்காவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். ஒரே இனம், பரப்புவதும் ஒரே வகை மணல் ஈ, ஆனால் இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அந்த இனத்துக்குள்ளேயே பீகாரில் காண்பது மொன்-2 என்ற உட்பிரிவு, நம்முடையது மொன்-37. இது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், ஆனால் எவ்வளவு உறுதியான அதிர்ஷ்டம்? உள்ளுறுப்பைத் தாக்கிய நோயாளிகளும் இலங்கையிலேயே இருந்திருக்கிறார்கள். 2014இல் அப்படி ஒருவரிடம் எடுத்த ஒட்டுண்ணியைத் தோல்புண்ணில் எடுத்ததோடு ஒப்பிட்டார்கள். தோல் வகையில் ஏ2 என்ற மரபணுவின் பிரதிகள் குறைவாக இருந்தன. உள்ளுறுப்பைத் தாக்கியதன் ஏ2வைத் தோல் வகைக்குள் சேர்த்ததும் எலிகளின் உள்ளுறுப்பில் அது முன்பைவிட நன்றாகத் தங்கிவிட்டது. இதை வாசித்த அன்று எனக்குச் சரியான பயம்.

1992இல் இங்கேயே தொற்றிய முதல் நோயாளி பற்றிய அறிக்கை வந்தது, 2008இலிருந்து கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். சரி, எண்ணிக்கை சேர்கிறது. ஆனால் வடக்கில் பெரும்பாலும் காட்டுப்பக்கம் போகிற ஆண்களுக்கும், தெற்கில் வீட்டோடு இருக்கிற பெண்கள் பிள்ளைகளுக்கும்கூட வருகிறது என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. அது பழக்கவழக்கத்தால் மட்டுமா, ஒட்டுண்ணியே இடத்துக்கு இடம் வேறாகிறதா? அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை, வவுனியா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் எடுக்கிற மாதிரிகளில் ஒரு பங்கையாவது வருடாவருடம் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவதை வழக்கமாக்குங்கள். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் அந்தந்த ஊர் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் கொடுங்கள், வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள்தானே. காய்ச்சலும் வீங்கிய வயிறுமாக ஒருவர் வந்தால் அப்போதுதான் அவர்களுக்கும் உடனே சந்தேகம் வரும்.

மாமாவின் கையில் இப்போது தழும்பு மட்டும்தான். அந்தப் புண்ணிலிருந்து சுரண்டித் தடவிய கண்ணாடித் தகடு எங்காவது ஒரு பெட்டியில் இன்னும் இருந்தால், அதிலிருந்தே தொடங்குங்கள்.